கிழக்கேகோட்டையில் நிற்கும் இசக்கிக்கு உன் முகம்

என் வாயாடி அக்காவுக்கு, என் சண்டைக்காரிக்கு,

நம் படக்கதை கம்ப்யூட்டர் விளையாட்டு வெள்ளிக்கிழமை வெளியாகிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. நீ இருந்திருந்தால், "எலே, உனக்க காலுல சக்கரமா?" என்று கேட்டிருப்பாய்.

எல்லாம் உன் யோசனைதானே. கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்பவனிடம் உலகத்துப் பெண் தெய்வங்கள் ஒவ்வொருவராக வந்து பேச்சுக்கொடுப்பார்கள். அவன் எந்தப் பதிலைத் தேர்கிறானோ அந்த வழியில் கதை போகும். படம் நான், பேச்சு நீ. கிரேக்கத்து அதீனா விதுரா பஸ் எப்போது என்று கேட்கிறாள். எகிப்து ஐசிஸ் குடைக்குள் இடம் கேட்கிறாள். ஆடிப்பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் வசனத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை.

கடைசியாக நம் இசக்கி. அவளை மட்டும் எழுதாமல் போய்விட்டாய். வயிற்றில் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாய், இருவரும் திரும்பவில்லை. என் கோபம் இன்னும் ஆறவில்லை. யார்மேல் என்று கேட்காதே.

இசக்கியை வரைய உட்கார்ந்தேன், கை தானாக உன் முகத்தைப் போட்டது. அதை அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன், மடையன். பிள்ளையைச் சுமந்தபடி இறந்தவள் நிம்மதியில்லாமல் அலைந்து இசக்கியாவாள் என்று கேட்டு வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்காரியிடம் காட்டுகிற படமா அது?

"எம் பிள்ளைய இசக்கியாக்கிட்டியே மக்கா! வாறவன் போறவன்கிட்டயெல்லாம் பேசிக்கிட்டு அவ ரோட்டுல நிக்கணுமா?"

"அம்மா, இது வெறும் கேம்."

"என்னவாட்டும் இருக்கட்டு. மூஞ்சி அவளுக்கதானே!"

அப்புறம் என்னோடு பேச்சே இல்லை. வேறு முகங்கள் வரைந்து பார்த்தேன்; ஒன்றிலும் உயிரில்லை. அம்மா சொல்வதுதான் சரியா? உன்னைப் போகவிடாமல் நிறுத்திவைத்திருப்பது நான்தானா?

நேற்று அம்மாவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அழிக்கண்டாம் கேட்டியா. ஒரு சுமைதாங்கி போடு. ரோட்டுல போட இப்ப எவன் விடுவான்? உனக்க கேமிலயாவது போடு."

வயிற்றுப்பிள்ளையோடு இறந்தவளுக்காக வழியோரம் கல் நடுவார்களே, அது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் அதில் இறக்கி இளைப்பாறினால் அவளுடைய பாரமும் இறங்குமாம். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

உன் பக்கத்திலேயே இரண்டு கல் நட்டு, ஒன்றைக் குறுக்கே வைத்தேன். "இன்னும் பொக்கம் வேணும், குனியாம இறக்கணும்லா" என்று அம்மா உயரம் சொன்னாள். ஆடுகிறவன் அதுவரை ஆடியதைச் சேமிக்க வேண்டுமானால் அந்தக் கல்லில் தன் பையை வைக்க வேண்டும். முதல் பையை அம்மாதான் வைத்தாள். வைத்துவிட்டு உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியாளே?"

"அவதானம்மா எழுதணும்."

இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம்.

அக்கா, உன் வாயில் என் சொல்லை வைக்க மாட்டேன், இது சத்தியம். இசக்கி பேசாமலே இருக்கட்டும். ஆனால் வெள்ளிக்குள் உன்னை உட்கார்ந்தபடி வரைந்துவிடுவேன், கையில் பிள்ளையைத் தந்து. அதன் முகத்தை உன் தோளில் புதைத்துத்தான் வரைய வேண்டும். நான் அதைப் பார்த்ததில்லையே.

உன் தம்பி,
அந்தப் பிள்ளையின் தாய்மாமன்