ஸ்டேஷன் வந்துடுச்சு

12-8-96, திங்கள்

எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது. அப்பாவுக்கு இருந்ததால் இது எதிர்பார்த்ததுதான். மனதைக் குடைவது வேறு.

தாம்பரத்தில் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, கூட வந்திருந்த என் மனைவி கமலாவிடம், "தூங்கறப்ப இவர் குறட்டை விடுவாராம்மா?" என்று கேட்டார்.

"நல்லாவே விடுவார் டாக்டர். நடுநடுவுல நின்னுடும். 'ஸ்டேஷன் வந்துடுச்சு'ன்னு சொல்லிச் சிரிப்போம்" என்றாள்.

அது எங்கள் வீட்டுப் பழைய வேடிக்கை. அப்பாவின் குறட்டை நின்றதும் நானும் தங்கை சுமதியும் குரோம்பேட்டை, பல்லாவரம் என்று கத்துவோம். அவர் திணறிப் புரண்டு மறுபடி கிளம்புவார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நிக்கறது குறட்டை இல்லம்மா, மூச்சு. இதுவும் சுகரும் நிறைய பேருக்குச் சேர்ந்தே இருக்கு. வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்தா அவங்களுக்கும் சுகர் பாத்துடுங்க."

சாயங்காலம் கோவிலம்பாக்கத்துக்கு போன் போட்டு சுமதியிடம் சொன்னேன்.

"எனக்கு ஸ்டேஷனே கிடையாதுண்ணா. நான் எக்ஸ்பிரஸ்!" என்று சிரித்தாள்.

அவள் கணவர் போனை வாங்கிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்: "அவ பேச்சை நம்பாதீங்க மச்சான். எல்லா ஸ்டேஷன்லயும் நிக்குது."

நாளைக்கு அவளையும் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

கமலா விளக்கை அணைக்கச் சொல்கிறாள். "நீங்க படுங்க. நின்னா நான் எழுப்பறேன்" என்கிறாள்.