வாளுக்கு வைத்த பொட்டு

உ

மேட்டு லயம்,
உடப்புசல்லாவை.
புதன்கிழமை.

அன்புள்ள மகள் நாகலெட்சுமிக்கு, அப்பா ஆண்டியப்பன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தம்பி வினோஜனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஜோர்தானில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிடுகிறேன். உடம்புக்கு என்றுதான் எழுதினேன், மனதுக்கு என்று எழுதவில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த எழுத்தைப் பார். கோணலாக இருந்தாலும் ஒவ்வொன்றும் நான் போட்டது. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் போகிறது, விரல் நோகிறது, ஆனாலும் சிரிப்பு வருகிறது. கொழுந்துக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில் மாலையில் நடக்கும் வகுப்பில் பிரியந்தி டீச்சர் ஏழு மாதம் சொல்லிக்கொடுத்தாள். போன மாதம் கிராம சேவகர் கந்தோருக்குப் போனபோது அங்கே இருந்தவர் என் முகத்தைப் பார்த்ததுமே மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார், நான் அதை அவர் பக்கமே திருப்பி நகர்த்திவிட்டுப் பேனையைக் கேட்டேன். கையெழுத்துப் போட்டு வெளியே வந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே இருந்த கடைப் பலகையெல்லாம் வாசித்தேன், பஸ் போனது தெரியவில்லை.

போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். போன் தம்பியின் கையில் இருக்கிறது, நம் லயத்தில் ஒரு காம்பராவில் பேசினால் மூன்று காம்பராவுக்குக் கேட்கும். இதைப் பிரியந்தி படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் வாசிக்கக் கூடாதா என்று கேட்டாள், பிழை திருத்தாமல் இருந்தால் வாசி என்றேன்.

தம்பியின் உடைந்த கைக்குப் போட்ட கட்டை அவிழ்த்துவிட்டார்கள். இடது கை இன்னும் முழுதாக மடங்கவில்லை, ஆட்டோ ஓட்ட ஒரு மாதம் ஆகும். டவுன் ஸ்டாண்டில் யார் முன்னால் நிற்பது என்ற சண்டையில் காளியாயியின் மகன் அழகுமுத்து அவனைப் பள்ளத்தில் தள்ளிவிட்டது உனக்குத் தெரியும். பொலிசில் சமாதானம் பேசக் கூப்பிட்ட அன்றைக்கு அழகுமுத்து வராமல் இருந்துவிட்டான், அதில்தான் இவனுக்கு வெறி ஏறியது. இப்போது தினமும் பின்னேரம் பீலிக் கரையில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுகிறான். அவன் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டப் போகிறவன் இல்லை, ஆட்டோக்காரனுக்கு அந்தக் கத்தி எதற்கு. தண்ணீர் எடுக்க வருகிற பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு போகிறார்கள். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை மகளே, இதை எழுதும்போதே மூன்று தரம் எழும்பிப் போய்க் கல் உரசும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்து வந்தேன்.

அம்மா தடுப்பாள் என்று நினைத்தேன். அவளும் காளியாயியும் இருபது வருடம் ஒரே நிரையில் கொழுந்து பறித்தவர்கள், தேத்தண்ணிப் போத்தலை மாற்றி மாற்றிக் குடித்தவர்கள். கை உடைந்த மறுநாள் காளியாயி பார்க்க வந்து வாசலில் தண்ணீர் ஓடும் கானோரமாக நின்றாள், அம்மா கோப்பை கழுவிய தண்ணீரை அவள் காலடியில் ஊற்றினாள். போன வெள்ளிக்கிழமை தம்பி சாப்பிட உட்கார்ந்தபோது ரொட்டியை வைத்துவிட்டு, “பழி தீக்காத வாய்க்குச் சோறு எதுக்குடா?” என்று கேட்டாள். கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்றால் அது அவளுடைய பேச்சு இல்லை, என்னுடையது. மாசியில் நம் தோட்டத்தில் ஆடும் வேலங்காட்டுக் கூத்தில் அம்மா வேஷம் கட்டி முப்பத்தொரு வருடம் நான் பாடியது. மீசையை எடுத்துவிட்டு உன் அம்மாவின் சேலையைத்தான் கட்டுவேன், என்னைய விட ஓங்களுக்குத்தான் இது பொருந்துது என்று அவள் கேலி பண்ணுவதும் உனக்கு ஞாபகம் இருக்கும். வேடிக்கையாகத்தான் கட்டினேன். அது என் வீட்டு அடுப்படிக்கு வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

அந்தக் கூத்தில் பெண்கள் மூன்று பேர். கூட்டாளியே வெட்டிக் கொன்ற புருஷனின் வாளை எடுத்து வைத்து, மகன் வளரும் வரை காத்திருந்து, அவனை மூட்டிவிடுகிற அம்மா. அந்த வாளுக்குக் குங்குமப் பொட்டு வைக்கிற அக்காள். கடைசியில் வந்து அழுகிற எதிரியின் அம்மா. வெட்டுவதும் சாவதும் ஆண்கள். ஆனால் இந்தப் பெண்கள் வாயைத் திறக்காவிட்டால் ஒருவனும் இடத்தை விட்டு அசைய மாட்டான். நீ ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு தரம் கேட்டாய், இந்த மூணு பேருக்கும் வேற வேலையே இல்லையா அப்பா என்று. கதை அப்படித்தான் என்று சொல்லி உன்னைத் தூங்கப் போகச் சொன்னேன்.

கதை அப்படி இல்லை மகளே. எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அழகன் வாத்தியார் செத்த பிறகு அவருடைய கூத்துக் கொப்பி கோயில் பெட்டியில் கிடந்தது. நமக்குத்தான் இப்போது எழுத்துத் தெரிந்த ஆள் இருக்கிறதே என்று கந்தப்பன் அதை என்னிடம் கொடுத்தான், அவன் இப்போதும் கூத்துக்குத் தப்பு அடிக்கிறான். நாங்கள் எல்லோரும் வாத்தியார் பாடப் பாடத் திருப்பிப் பாடிப் படித்தவர்கள், ஒருவனும் கொப்பியைத் திறந்தவன் இல்லை. விரலை வைத்து வைத்து வாசித்தேன். நான் பாடுகிற இடம் வந்தது, சந்தோசம் தாங்கவில்லை. அடுத்த தாளில் பென்சிலால் குறுக்கே கோடு போட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே இருப்பதையும் வாசித்தேன். மூட்டிவிட்ட அதே அம்மா, மகன் வாளைக் கேட்கும்போது கொடுக்காமல் வழியில் உட்கார்ந்துவிடுகிறாள். உன் அப்பன் தலையை மடியில் வைத்தேன், மடி இன்னும் காயவில்லை, இன்னொரு தலைக்கு இதில் இடம் இல்லை, என்னைத் தாண்டிப் போகாதே என்கிறாள். மூன்று பாட்டு. அதற்குப் பிறகு அக்காள் வந்து, தான் வைத்த பொட்டைத் தன் முந்தானையாலேயே துடைக்கிறாள். இதை நம் தோட்டத்தில் யாரும் பார்த்ததே இல்லை. கந்தப்பனைக் கேட்டேன். அது பழைய துரை காலத்தில் வெட்டினது என்றான். விடிவதற்குள் கூத்து முடிய வேண்டும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்காவிட்டால் அன்றைக்குப் பேரும் இல்லை, சம்பளமும் இல்லை, சண்டையை வெட்டினால் சனம் சும்மா இருக்காது, அதனால் வாத்தியார் பெண்கள் தடுக்கிற இடத்தை வெட்டிவிட்டாராம். பெரட்டுக்காக வெட்டியதை நான் முப்பத்தொரு வருடம் முழுக்கதை என்று பாடியிருக்கிறேன். அதைக் கேட்டுத்தான் நம் லயத்துப் பெண்கள் ஒரு அம்மா எப்படிப் பேச வேண்டும் என்று படித்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. நாலு நாள் இதைத் தொடவில்லை. இன்றைக்குப் பின்னேரம் கோயில் முன்னால் ஒத்திகை. மகன் வேஷம் இந்த வருடம் தம்பிக்கு. அம்மா பெண்களோடு ஒரு பக்கம் இருந்தாள், காளியாயி மற்றப் பக்கத்தில் தனியாக இருந்தாள். நான் மூட்டிவிடுகிற பாட்டைப் பாடினேன், தம்பி வாளுக்குக் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. வழியில் உட்கார்ந்து கொப்பியைப் பார்த்துப் பார்த்து அந்த மூன்று பாட்டையும் பாடினேன், இரண்டு இடத்தில் எழுத்துத் தட்டியது, ஆனாலும் விடவில்லை. கந்தப்பன் அடிப்பதை நிறுத்திவிட்டான். தம்பி கையை நீட்டினபடியே நின்றான். பிறகு மெல்லக் கேட்டான், “அப்பா, இப்ப நான் என்ன சொல்லணும்?” கொப்பியில் அந்த இடத்தில் அவனுக்குப் பேச்சு ஒன்றும் இல்லை. ஒண்ணும் இல்லப்பா, நீ சும்மா நிக்கணும் என்றேன். அதற்குப் பிறகு கொப்பியில் என்ன வருகிறது என்று நான் சொல்லவில்லை. உனக்கு மறைக்க மாட்டேன். அதில் மகன் தானே வாளைப் பிடுங்கிக்கொண்டு போகிறான், போய்ச் சாகிறான், எதிரியும் சாகிறான், இரண்டு அம்மாக்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள். அதுதான் என்னைத் தூங்க விடாமல் வைத்திருக்கிறது. பெண்கள் தடுத்தும் அவன் போகிறான்.

நிமிர்ந்து பார்த்தபோது அம்மாவைக் காணவில்லை. வீட்டுக்கு வந்தால் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கூரை இடுக்கில் தம்பி சொருகி வைக்கும் கத்தி அங்கே இல்லை. எங்கம்மா என்று அவன் கேட்டான், எனக்குத் தெரியாது என்றாள். ரொட்டியை வைத்தாள், சம்பலை வைத்தாள், பழியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. விறகுக் கட்டுக்கு அடியில் பிடி தெரிந்தது, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். தம்பியும் பெரிதாகத் தேடவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்து, போன மாதம் நீ அனுப்பிய உன் குரலைத் திரும்பப் போட்டான். “இத விட்டுட்டா நாளைக்கு நம்மள எவன்டா மதிப்பான்?” மூன்று தரம் கேட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் கேட்டார்கள்.

நீ கோபத்தில் சொன்னாய், தூரத்தில் இருந்து தம்பியின் கையை நினைத்து அழுதுகொண்டு சொன்னாய், உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அந்தப் பாட்டை உனக்குப் பாடிக் காட்டியவனே நான்தான். அம்மா கத்தியை ஒளித்துவிட்டாள். நான் வழியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் காதில் இருப்பது உன் குரல் ஒன்றுதான், அதை அம்மாவாலும் என்னாலும் எடுக்க முடியாது. வருகிற சனிக்கிழமை கூத்து, அழகுமுத்துவும் பார்க்க வருவான். அதற்கு முன்னால் நீ பேச வேண்டும். நல்ல புத்தி ஒன்றும் சொல்லாதே, அவனுக்குப் பிடிக்காது. சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன் என்று மட்டும் உன் வாயால் சொல்லி அனுப்பு, அவன் மூன்று தரம் கேட்கட்டும், சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. முருகன் உன்னைக் கைவிட மாட்டான், நீ எங்கே இருந்தாலும் நூறு வயது நல்லா இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வாதம் பண்ணுகிறோம். மறக்காதே மகளே, வாளுக்குப் பொட்டு வைத்தவள் துடைத்தால்தான் போகும், சனிக்கிழமைக்கு முன்னால்.

இப்படிக்கு,
கைநாட்டு இல்லாமல் கையெழுத்துப் போடும் உன் அப்பா,
ஆண்டியப்பன்