திருச்சிக்காரன் கேட்ட கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

இங்கே நான் வேலைசெய்யும் லூயிஷாமில், கோயில் மண்டபத்தில் பட்டிமன்றம் வைத்தார்கள். இலங்கை இந்தியாவோடு இணையலாமா என்பதுதான் தலைப்பு. இணையவேண்டும் என்று, நீங்கள் சொல்வதையெல்லாம் சொல்லிப் பேசினேன். எதிரணியில் என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் திருச்சி அஷ்வின். "எங்க குரலே டெல்லிக்குக் கேக்கலை, உங்க குரல் எப்படிங்க கேக்கும்?" என்றான். மண்டபமே கைதட்டியது. நான் தோற்றேன்.

கோபத்தில் நாலு நாள் அவனோடு பேசாமல் தனியே சாப்பிட்டேன். நேற்று அவனாகவே வந்து, "உங்க ஊர் மீன்குழம்பு வைக்கலாமா?" என்றான். "ஓம், வைக்கிறன்" என்றேன். இப்போதுதான் நிம்மதி.

கறித்தூள் முடிந்துவிட்டது, அம்மாவிடம் சொல்லி அனுப்பிவையுங்கள். அவன் கேள்விக்குப் பதில் இருந்தால் அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிடும்போது அவனோடு வாதாட எனக்கு ஏதாவது வேண்டும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

யனுஷன்