எதிர்க்காற்றில் போன படகு

மானாம்பதி
20.8.1957

அம்முலுவின் அப்பாவுக்கு ஞானசுந்தரி எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் நானும் குழந்தையும் சுகம். நீங்களும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதியதைத்தானே நான் நம்பவேண்டியிருக்கிறது.

இந்த வருஷமும் எங்களைப் பம்பாய்க்கு அழைத்துக்கொள்ள முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். மழைக்காலத்தில் கிளப்பில் படகுகளையெல்லாம் கரையேற்றிவிட்டார்கள், உங்களைப் புனா பக்கத்தில் ஓர் ஏரிக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே கூடாரத்தில்தான் படுக்கை, குடும்பத்தை எங்கே வைப்பது என்று கேட்கிறீர்கள். போன வருஷம் கொச்சியில் போட்டி. அதற்கு முந்தின வருஷம் விசாகப்பட்டினம். கப்பல் படையில் இருந்தவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை, சர்க்கார் வேலை. அதை விட்டு வெளியே வந்து, பணக்காரப் பிள்ளைகளுக்குப் பாய் கட்டின படகு விடச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராகிவிட்டேன் என்று நீங்கள் சொன்னபோது, இனிமேலாவது ஒரு வீட்டில் ஒன்றாக இருப்போம் என்று நினைத்தேன். அம்முலு பிறந்ததிலிருந்து இதே பாட்டுத்தான்.

உங்கள் அண்ணன் வேதகிரி போன ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து கூடவே நடந்து வந்தார். “படகு வுட்றதுக்கு இன்னா வாத்தியாரு? எல்லப்பன் ஏரில தோணி தள்ளறானே, அவனுக்கு எந்த வாத்தியாரு கத்துக் குட்த்தாரு? உன்ன நல்லா ஏமாத்திக்கினு கீறான்” என்றார். நான் அவரையும் நம்பவில்லை. நம் வீட்டைச் சுற்றி வந்து வேலியை அளப்பதுபோல் பார்ப்பவர், நமக்காகவா பேசுவார்? ஆனாலும் ராத்திரி படுத்தால் அந்தப் பேச்சுத்தான் காதில் விழுகிறது.

இன்னொன்றும் கேட்கிறேன். போன தடவை வந்தபோது மீன் குழம்பில் தேங்காய்ப் பால் இல்லையா என்று கேட்டீர்களே, நம் பக்கத்தில் யார் வீட்டில் மீனுக்குத் தேங்காய்ப் பால் ஊற்றுகிறார்கள்? கிளப்பில் சமையல்காரன் மலையாளத்தான் என்றீர்கள். இருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில், ‘போன வாரம் பிள்ளைகளை வைத்துக் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் பாயை மட்டும் வைத்துப் படகு விட்டேன், துடுப்பே போடவில்லை’ என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எழுதின தேதி ஆடி மாசம். நான் சொர்ணவாரி அறுப்புக்குப் பண்ணைக்காரர் தாமோதரன் களத்தில் நெல் தூற்றிக்கொண்டு நிற்கிறேன். ஆடியிலும் ஆவணியிலும் காற்று மேற்கிலிருந்துதான் அடிக்கும் என்று எங்களுக்கு யாரும் வந்து சொல்லவேண்டாம். மேற்கே முதுகைக் காட்டி நின்று முறத்தை உயர்த்தினால் நெல் காலடியில் விழும், பதர் கிழக்கே போகும். இத்தனை வருஷத்தில் ஒரு பதராவது காற்றை எதிர்த்து மேற்கே போய் நான் பார்த்ததில்லை. பாயும் காற்றில் போகிற பொருள்தானே? புனாவில் மட்டும் காற்று வேறு மாதிரி அடிக்குமா?

என் கூட வேலை செய்யும் செங்கேணியிடம் இதைச் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “அக்கா, அவுரு படகுலயே இல்ல போ” என்றாள். படகில் இல்லையென்றால் எங்கே இருக்கிறீர்கள்? யாரோடு இருக்கிறீர்கள்? எனக்கு வேண்டியது இது ஒன்றுதான். மழுப்பாமல் எழுதுங்கள்.

இப்படிக்கு
ஞானசுந்தரி


மானாம்பதி
3.11.1957

அம்முலுவின் அப்பாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. சமையல் பக்கம் ஓலை மாற்ற வேண்டியிருந்தது, செங்கேணியும் நானும் ஏறி மாற்றிவிட்டோம். உங்கள் அண்ணன் கீழே நின்று வேடிக்கை பார்த்தார்.

உங்கள் பதிலை நாலு தடவை படித்தேன். படகு எதிர்க்காற்றில் நேராகப் போகாது, கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்து போய், திரும்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்து போய், இப்படியே மேற்கே ஏறிவிடும், தண்ணீருக்குள் இருக்கும் பலகை அதைப் பக்கவாட்டில் நழுவவிடாது என்று எழுதியிருக்கிறீர்கள். கோபப்படாதீர்கள், மழைக்கு முன்னாலேயே நான் களத்தில் சோதித்துப் பார்த்தேன். முறத்தை இந்தப் பக்கம் சாய்த்தேன், அந்தப் பக்கம் சாய்த்தேன். தூசி முழுக்க என் கண்ணில்தான் வந்தது. தாமோதரன், “இன்னாம்மா, நெல்லத் தூத்தறியா, கூத்து கட்றியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். காரணத்தைச் செங்கேணி சொல்லிவிட்டாள். அவர் சிரித்து முடித்துவிட்டு, “நம்ம ஊரு கூலிக்காரன் மவன் தொரை வூட்டுப் பசங்களுக்கு வாத்தியாரா? யார் காதுல பூ சுத்தறான்?” என்றார். எனக்கு உங்கள்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷம் அவர்மேல் திரும்பியது உண்மை. வீட்டுக்கு வந்ததும் மறுபடி உங்கள்மேல் வந்துவிட்டது.

அம்முலுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். அப்பாவுக்கு என்ன வேலை என்று டீச்சர் கேட்டாராம். “படகு வாத்தியார்” என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். அன்றைக்குச் சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டாள். என்னிடம் வந்து, “எம்மா, அப்பா இன்னா வேலை செய்றாருன்னு மெய்யா சொல்லு” என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? எனக்கே யாரும் மெய்யாகச் சொல்லவில்லையே.

கார்த்திகை மாச முடிவிலாவது அழைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால், வீடு பார்க்கிறேன், வீடு பார்க்கிறேன் என்கிறீர்கள். பம்பாயில் வீடே இல்லையா? நம் ஊர் சாமுவேல் மில் வேலைக்குப் போன இரண்டாம் மாசம் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய் ஒற்றை அறையில் வைத்துக்கொண்டான். அவன் உங்களைவிடப் பெரிய மனுஷனா? ஒற்றை அறை எனக்குப் போதும். அந்த அறையில் ஏற்கெனவே யாரும் இல்லையென்றால் போதும்.

ஆகையால் ஒன்று சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். உத்திரமேரூர் ஏரி இந்த மழைக்கு நிரம்பிவிடும். அப்போது வாடைக்காற்று வடக்கிலிருந்து அடிக்கும். தெற்கு மதகிலிருந்து வடக்கு மதகுக்குத் துடுப்பில்லாமல், கோல் ஊன்றாமல், பாயை மட்டும் வைத்துப் போய்க் காட்டுங்கள். என் கண்ணால் பார்த்துவிட்டால், நீங்கள் எழுதுகிற எதையும் இனிமேல் சந்தேகப்பட மாட்டேன். அம்முலு தலைமேல் ஆணை.

வருவீர்களா, அதற்கும் ஒரு போட்டி குறுக்கே வருமா?

ஞானசுந்தரி


மானாம்பதி
18.1.1958

அம்முலுவின் அப்பாவுக்கு,

நீங்கள் ரயில் ஏறிப் போன பிறகு அம்முலுவுக்கு ஜலதோஷம் பிடித்தது. இப்போது பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் திடீரென்று பெரிய மரியாதை. டீச்சரே கூப்பிட்டு விசாரித்தாராம். உங்கள் அண்ணனும் “என் தம்பிடா” என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறார். தாமோதரன் மட்டும், படகுக்குக் கொடுத்த வண்டிப் படுதாவில் நீங்கள் போட்ட ஓட்டைகளை விரல் விட்டுக் காட்டினார். ஆனால் முகத்தில் கோபம் இல்லை.

நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். வந்தீர்கள். எல்லப்பனின் இரண்டு பனைமரத்துத் தோணிகளைச் சேர்த்துக் கட்டினீர்கள், மூங்கிலை நட்டு, படுதாவைத் தைத்துப் பாயாக்கினீர்கள், நம் பழைய கதவை அறுத்துப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறக்கினீர்கள். ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். எடைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது செங்கேணி பத்தடி பின்னால் போய்விட்டாள். நான் ஏறினேன். பயமாக இல்லை என்று சொன்னால் பொய். கரையிலிருந்து எல்லப்பன், “யக்கா, கெட்டியா புட்ச்சிக்கோ, கவுந்தா மீனுதான் மிச்சம்” என்று கத்தினான்.

படகு போயிற்று. காற்று என் முகத்தில் அடிக்க அடிக்க, காற்று வருகிற பக்கமே போயிற்று. நான் பிறந்ததிலிருந்து அறிந்த காற்று அது. அதை எதிர்த்து ஒரு துணி என்னைத் தூக்கிக்கொண்டு போனதை நானே உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் எழுதினது அத்தனையும் உண்மை. உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நம் கல்யாணத்திலும் நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. இந்த மனுஷனையா இத்தனை நாள் வாட்டினோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் முதல் தடவை படகைத் திருப்பினீர்கள். பாயின் அடியில் கட்டியிருந்த கழி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வீசிக்கொண்டு வந்தது. அது வரும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கயிற்றைப் பார்த்தபடியே, “லில்லி, குனிஞ்சிக்கோம்மா” என்றீர்கள்.

நான் குனிந்தேன். கழி தலைக்கு மேலே போயிற்று.

இரண்டாம் தடவை திரும்பும்போது “சுந்தரி, குனி” என்றீர்கள். மூன்றாம் தடவையும் சுந்தரிதான். முதலில் சொன்னது உங்கள் காதிலேயே விழவில்லை என்று நினைக்கிறேன். வடக்கு மதகில் இறங்கினதும் கூட்டம் விசில் அடித்தது. நீங்கள் அம்முலுவைத் தோளில் தூக்கிக்கொண்டீர்கள். நானும் சிரித்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நேரில் கேட்டிருக்கலாம். நீங்கள் இருந்த நாளெல்லாம் சோறு போட்டேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன், கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் ஏதாவது சொல்வீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் அதை நம்பியும்விடுவேன். ஆணை வேறு போட்டுத் தொலைத்தேனே.

அது படகின் பெயர் என்று எழுதிவிடாதீர்கள். படகைக் குனியச் சொல்கிறவர் யாருமில்லை. கிளப்பில் படிக்கும் ஒரு பெண் என்றும் எழுதவேண்டாம். அங்கே எல்லாருக்கும் இந்தியும் இங்கிலீசும்தான், தமிழ் பேச ஆள் கிடைக்காமல் நாக்கு மரத்துப்போகிறது என்று இந்தத் தடவைதான் எல்லப்பனிடம் குறைப்பட்டுக்கொண்டீர்கள். நீங்கள் குனியச் சொன்னது தமிழில். அதிலும் ‘அம்மா’ சேர்த்து. பத்து வருஷமாக என்னை சுந்தரி, ஏய், இந்தா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். நீங்கள் ஒருத்தரை அப்படிக் கூப்பிட முடியும் என்பதே எனக்குத் தெரியாது. அவள் யாரோ, அவள் தலையில் அடிபடக்கூடாது என்று உங்களுக்குப் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில் என் தலை தப்பியது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? செங்கேணியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒருவேளை நான் நினைப்பது எல்லாமே தப்பாக இருக்கலாம். காற்று விஷயத்தில் தப்பாகத்தானே போயிற்று? அதனால் இந்தத் தடவை இங்கே உட்கார்ந்துகொண்டு கணக்குப் போடப்போவதில்லை. நாங்கள் வருகிறோம். அழைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை, வருகிறோம் என்று தெரிவிக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதினாலும் அன்றைக்கு நாங்கள் ரயிலில் இருப்போம். செங்கேணியின் தம்பி முனியன் சென்ட்ரல் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறான், அவன் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிடுவான். சம்பா அறுப்பு முடிகிறது. மாசி முதல் வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பாயில் இறங்குவோம். வீட்டுச் சாவி செங்கேணியிடம் இருக்கும். உங்கள் அண்ணன் கேட்டார், கொடுக்கவில்லை. திரும்பி வரவேண்டி வந்தால் எனக்கு ஒரு கதவு திறந்திருக்கவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் செய்யவேண்டியது ஏதாவது இருந்தால் செய்துகொள்ளுங்கள். நான் என்னவென்று கேட்கமாட்டேன். அந்த லில்லி யாராக இருந்தாலும் ஆண்டவர் அவளைப் பார்த்துக்கொள்ளட்டும். அவளுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. உங்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்முலு இப்போதே பாவாடையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அப்பா தூரத்திலேயே தெரிவாரா என்று தினமும் கேட்கிறாள். நல்ல உயரம், கூட்டத்திலும் தெரிவார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கடவுள் உங்களுக்குக் குறைவில்லாமல் கொடுக்கட்டும். ஸ்டேஷனுக்கு நீங்கள் மட்டும் வாருங்கள்.

உங்கள் மனைவி
ஞானசுந்தரி