மூச்சைப் பிடித்த ஊர்

மார்ச் 3, திங்கள்

புது வேலையில் முதல் நாள். பத்து வருஷமாக ரெடிமேட் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, யாரோ வாங்கிய சட்டைகளின் கையைக் குறைத்தும் இடுப்பைப் பிரித்தும் பிழைத்தவள் நான். இப்போது அரசாங்கமே கேட்கிறது: நம் ஜனங்களின் உடம்பு உண்மையில் என்ன அளவு? கடைகளில் தொங்கும் ஸ்மால், மீடியம், லார்ஜ் எல்லாம் எந்த ஊர் உடம்பைப் பார்த்துப் போட்ட கணக்கோ. ஊர் ஊராக ஆட்களை அளந்து, சராசரி பார்த்து, நமக்கென்று ஒரு பட்டியல் போடப் போகிறார்களாம்.

நகராட்சி மண்டபத்தின் நடுவில் ஒரு திரை. பெண்கள் பக்கம் நான். ஆண்கள் பக்கம் எங்கள் மேலதிகாரி. எதையும் புள்ளிக்குப் பிறகு ஓர் இலக்கம்வரை சொன்னால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். மனசுக்குள் ‘தசமம் சார்’ என்று பெயர் வைத்துவிட்டேன். வேலை இப்போதைக்குத் தற்காலிகம். அளவுகள் சரியாக வந்தால் நிரந்தரமாக்குவார்கள். அந்தப் பின்னறைக்கு மட்டும் திரும்பிப் போகக் கூடாது.

மார்ச் 5, புதன்

அக்கா பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள்.

விஷயம் இதுதான். அவள் பிறந்தநாளுக்கு அத்தான் ஒரு கவுன் வாங்கி வந்திருக்கிறார். கழுத்துப் பட்டையில் ‘டபுள் எக்ஸெல்’ என்று போட்டிருந்ததாம். “உங்க கண்ணுக்கு நான் இவ்வளவா?” என்று அக்கா கேட்க, மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கடைக்காரர் அளவு கேட்டாராம், இவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாராம். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது. கவுனை அங்கேயே விட்டெறிந்துவிட்டு வந்ததாகச் சொல்கிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா பேசுகிறாள். பல் தேய்க்கும்போதுகூடப் பேசுகிறாள். விட்டெறிந்த கவுன் அவள் பெட்டியில் மடித்து இருக்கிறது. நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது. கேட்கவில்லை — கேட்டால் அதற்கும் பேசுவாள்.

மார்ச் 19, புதன்

கழுத்து சரி, உயரம் சரி. இடுப்புதான் வம்பு. டேப் தொட்டதும் ஒவ்வொருத்தியும் தூணாகிவிடுகிறாள். மூச்சை விடுங்கள் என்றால் மூச்சை மட்டும் விடுகிறார்கள், வயிறு உள்ளேயே இருக்கிறது. வங்கியில் அதிகாரியாக இருக்கும் ஓர் அம்மாள், இரண்டு குறைத்து எழுதச் சொன்னார். நாட்டுக்காகத்தானே, கொஞ்சம் அழகாகவே இருக்கட்டுமே என்றார். எழுத மாட்டேன் என்றதும் முகம் சுருங்கிப் போனது. இடுப்பு சுருங்கிய அளவுக்கு இல்லை.

திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் நெஞ்சை நிமிர்த்திக் குதிகாலைத் தூக்குகிறார்களாம். தசமம் சார் அவர்கள் காலடியில் குனிந்தே பாதி நாளைக் கழிக்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

மானம் போச்சு.

எங்கள் ஊர் சராசரியை வைத்து மாதிரிக்குத் தைத்த உடுப்புகள் இன்றைக்கு வந்தன. அளவு கொடுத்தவர்களையே கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னோம். ஒருவருக்காவது பொத்தான் போட முடிந்ததா? அடம்பிடித்துப் போட்டுக்கொண்ட ஒரு பெண் தும்மியதில் பொத்தான் தெறித்து, தசமம் சாரின் மூக்குக்கண்ணாடியில் போய் விழுந்தது. அவர் அதைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “ரெண்டாவது சுற்றும் இப்படியே வந்தா, இந்த ஊரையே கணக்கிலேருந்து எடுத்துடுவாங்கம்மா. அப்புறம் நீங்களும் இல்ல, நானும் இல்ல.”

நான் என்ன செய்ய? டேப் பொய் சொல்லலியே. ஊரே சேர்ந்து மூச்சைப் பிடிச்சா ஒருத்தி என்னதான் பண்ணுவா?

ஏப்ரல் 3, வியாழன்

தூக்கமில்லை. அக்கா தூக்கத்திலும் பேசுகிறாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மத்தியானம் அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தாள். வைத்துவிட்டுப் போவாளா? திரைக்குள் வந்து நின்று, நான் அளந்துகொண்டிருந்த பெண்ணிடம் கவுன் கதையை ஆரம்பித்துவிட்டாள். கடைக்காரர் குரல் ஒன்று, அத்தான் குரல் ஒன்று. கடைசியில் கையை விரித்துக் காட்டினாளே ஒரு காட்டு, கதவு அகலத்துக்கு! அந்தப் பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். என் விரலுக்கு நடுவே டேப் தானாக நழுவி நான்கு சென்டிமீட்டர் நீண்டது.

அதை எழுதிக்கொண்டேன். அடுத்தவளுக்கும் கதை சொல்லச் சொன்னேன். அவளுக்கும் நீண்டது. சாயங்காலம்வரை அக்காவை விடவில்லை. அவளும் போகிறேன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

தசமம் சார் திரையை விலக்கி, இவங்க யார் என்று கேட்டார். அளவெடுக்கிற கருவி என்றேன். புள்ளிவிவரங்களைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். திட்டவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: கருவி என்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதனால் எல்லாரும் அதே கதையைத்தான் கேட்க வேண்டும்.

மத்தியானத்துக்குள் அக்கா கதையில் கடைக்காரருக்கு ஒரு மைத்துனனைச் சேர்த்துவிட்டாள். தசமம் சார் கையில் கடிகாரத்தோடு ஓடி வந்தார். காலையைவிடக் கதை நாற்பது விநாடி கூடுதலாம். “அந்த மைத்துனரை எடுத்துடுங்கம்மா.” அக்கா மறுத்துவிட்டாள். மைத்துனன் இல்லாமல் கதையில் உயிர் இல்லையாம். அரை மணி நேரம் பேச்சுவார்த்தை. முடிவில் மைத்துனன் தங்கினான், வசனம் இல்லாமல்.

ஏப்ரல் 17, வியாழன்

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அத்தான் தெருக்காரர்களுக்கு இன்றைக்கு முறை என்பது எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அக்கா நன்றாகச் சூடுபிடித்து, கையை விரிக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டாள். இந்தப் பக்கம் சிரிப்பு, அந்தப் பக்கம் ஆண்களிடமும் சிரிப்பு. திரைக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பைப் பார்த்தேன். இடது வார் தைத்த செருப்பு. தைத்தவளே நான்தான். அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன் — நிறுத்தினால்தானே!

கதை முடிந்ததும் அந்தப் பக்கத்திலிருந்து அத்தானின் குரல் வந்தது.

“அவ்வளவு விரிக்கல.”

அக்கா ஒரு கணம்தான் திகைத்தாள். “விரிச்சீங்க.”

“கட்டிப் பிடிச்சா எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் காட்டினேன். வேற அளவு எனக்குத் தெரியாது.”

அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். வார்த்தை வரவில்லை. அப்படி ஒன்றை என் ஆயுளில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அளவுக்கு நின்ற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தசமம் சார் தொண்டையைச் செருமிவிட்டு, இந்த ஓர் அளவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார்.

ஏப்ரல் 18, வெள்ளி

அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கிளம்பும் முன் தானாகவே கவுனை எடுத்து, கை கொஞ்சம் நீளம், பார்த்துக் கொடுடி என்றாள். கையை மடித்துத் தைத்தேன். இடுப்பில் ஒரு நூல்கூட நான் தொட வேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

அக்கா இல்லாததால் தசமம் சாரே கதையை எழுதி வைத்துக்கொண்டு, திரைக்கு வெளியே நின்று வாசித்தார். “கடைக்காரர் கேட்டார். கணவர் கைகளை விரித்தார். அகலம், தோராயமாக, ஒன்று புள்ளி நான்கு மீட்டர்.” பெண்கள் இருந்த மூச்சையும் நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மணிக்கு அவரே அக்காவுக்குப் போன் செய்தார். சம்பளம் உண்டு என்றார். புதுக் கதைக்கு அனுமதி தந்தால் வருவேன் என்றாளாம். பழைய கதை இனிமேல் அவர்கள் வீட்டு விஷயமாம்.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டாவது மாதிரி உடுப்புகள் வந்தன. போட்டுப் பார்த்தவர்களை உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தார்கள். குனியச் சொன்னோம். குனிந்தார்கள். தசமம் சார் பாதுகாப்பாகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

செப்டம்பர் 8, திங்கள்

தலைமை அலுவலகத்தில் மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நிரந்தரம். அக்கா வேறு ஊர்களில் அளவுக் குழுவோடு சுற்றுகிறாள். விடுமுறை கிடைத்தால் அத்தானும் பின்னாலேயே போய் உயரம் பார்க்கும் கம்பைத் தூக்குகிறார்.

இன்றைக்குப் புதிதாக அச்சடித்த படிவம் வந்தது. இடுப்புக்கு இரண்டு கட்டம். ‘சிரிப்புக்கு முன்’, ‘சிரிப்புக்குப் பின்’. கீழே தசமம் சாரின் கையெழுத்து. பக்கத்து மேசைக்காரர் இது அச்சுப்பிழையா என்று கேட்டார். இல்லை, அதுதான் முறை என்றேன்.

எல்லாரும் போன பிறகு என்னையே அளந்து ஒரு படிவம் நிரப்பினேன். பத்து வருஷம் டேப் பிடித்தும் என் அளவு எங்கேயும் பதிவானதில்லை. சிரிப்புக்கு முன்: எழுபத்தொன்பது. டேப்பை அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.