மாடிப்படிப் பாட்டின் வேகம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். போன் பண்ணினா எடுக்க மாட்டே. மெசேஜ் போட்டா பார்த்ததுக்கு அடையாளம் விழும், பதில் விழாது. ஆனா கடிதாசியைப் பிரிக்காம தூக்கிப் போட உனக்கு மனசு வராதுன்னு தெரியும், அதான் இந்த வழி. வீட்டுல எல்லாரும் நலமா? உன் பொண்ணு இப்போ என்ன படிக்கறா? அத்தைக்காரி இதைக் கடிதாசி போட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கற லட்சணத்துல இருக்கேன், பாரு.

என் கதை சொல்றேன். தொண்டையில ரெண்டாவது ஆப்பரேஷனும் ஆயிடுச்சு. பேசலாம், முனகலாம். மேல் சுருதிக்குப் போனா வெறும் காத்துதான் வருது. புதுப் பாட்டு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆனா ஜனங்க விடறதா இல்லை. எங்க போனாலும் நம்ம முதல் கேசட்டைத்தான் கேக்கறாங்க. மாடி அறையில நான் கிடாரும் நீ பாங்கோ மேளமுமா உட்கார்ந்து, ஒரே ஒரு டேப் ரெக்கார்டரை நடுவுல வெச்சுப் பதிவு பண்ணோமே, அந்த ஆறு பாட்டு. முக்கியமா மாடிப்படிப் பாட்டு. அதையெல்லாம் சுத்தம் பண்ணி இணையத்துல மறுபடி வெளியிடலாம்னு இருக்கேன். எனக்கு என்ன கம்பெனியா, முதலாளியா? நானே ராஜா, நானே மந்திரி, வாசல் கூட்டறதும் நானே.

சவுண்ட் இன்ஜினியர் ஒரு அம்மா கிடைச்சிருக்காங்க. கறார் பேர்வழி. என்கிட்ட இருக்கற கேசட்டைக் கேட்டுட்டு, "இது நகலோட நகல். பாதி இரைச்சல்தான். ஒரிஜினல் எங்க?"ன்னாங்க. நீ நம்ம பாட்டுக் குழுவை விட்டுப் போனப்ப அதைக் கையோட எடுத்துக்கிட்டே. கொஞ்சம் அனுப்பி வை. பழசையெல்லாம் பேச வேண்டாம். கேசட் மட்டும் போதும்.

உன் அக்கா


மார்ச் 19

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நலம். பொண்ணு பன்னிரண்டாவது பரீட்சை எழுதிக்கிட்டிருக்கா. நீங்க கேட்ட கேசட்டை இதோட அனுப்பியிருக்கேன். ஒரு தடவை டேப் சிக்கிப் பென்சில் விட்டுச் சுத்தியிருக்கேன். மெஷின்ல பார்த்துப் போடச் சொல்லுங்க.

கடை பரவாயில்லை. சன்னல் கண்ணாடி, மேஜைக் கண்ணாடி, முகம் பார்க்கற கண்ணாடின்னு அளவுக்கு அறுத்துக் குடுக்கறேன். விரல்ல வெட்டு இல்லாத நாள் இல்லை.

ஒரு வேண்டுகோள். பாங்கோ வாசிச்சதுன்னு என் பேரைப் போடாதீங்க. போட்டா, இப்போ ஏன் வாசிக்கறதில்லைன்னு நாலு பேர் கேப்பாங்க. ரெக்கார்டுல இருந்த வேகம் மேடையில எனக்கு வரலை. அத்தனை கூட்டத்துக்கு முன்னாடி நீங்க என் பக்கம் திரும்பி, வேகமா வாசின்னு சொடக்குப் போட்டீங்க. அப்புறம் வேகமா வாசிக்கற வேற ஆளை வெச்சுக்கிட்டீங்க. அது நியாயம்தான். கை போயிடுச்சுன்னு எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு.

இப்படிக்கு,
தம்பி


ஏப்ரல் 7

டேய் வாண்டு,

என்னடா புதுசா 'நீங்க', 'மதிப்பிற்குரிய'? கரண்ட் ஆபீசுக்கு மனு எழுதற மாதிரி! அதுக்கு அப்புறமா சண்டை போடறேன். முதல்ல உட்காரு. உட்கார்ந்துட்டியா?

நீ அனுப்பின கேசட்டை இன்ஜினியர் அம்மா மெஷின்ல போட்டாங்க. இரைச்சல் இல்லாததால, அந்த அறையில இருந்த சுவர்க் கடிகாரம் பாட்டுக்குப் பின்னாடி டிக் டிக்குனு கேட்டுது. எனக்குக் கண் கலங்கிடுச்சு. அவங்களுக்கு அதெல்லாம் கிடையாது. கைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாங்க. ஒரு நிமிஷத்துல அறுபத்தஞ்சு டிக். "உங்க வீட்டுக் கடிகாரம் அவ்வளவு வேகமா ஓடுமா?"ன்னாங்க. "ஓடியிருந்தா என் தம்பி நேரத்துக்கு எழுந்திருப்பானே"ன்னேன். சிரிக்கலை. "பதிவு பண்ணப்ப கரண்ட் இருந்துதா?"ன்னாங்க.

கரண்ட் எங்கடா இருந்துது? பேட்டரியிலதானே ஓட்டினோம்! பேட்டரியில பலம் இல்லாம மோட்டார் மெதுவாச் சுத்தியிருக்கு. அப்படி மெதுவாப் பதிஞ்ச டேப்பை அப்புறம் கரண்ட்ல சரியாச் சுத்த விட்டா, பாட்டு வேகமா ஓடும், சுருதியும் ஏறிடும். இவ்வளவுதான் விஷயம். நம்ம குரலை டேப்புல கேட்டது அதுதான் முதல் தடவை. கீச்சுக் கீச்சுன்னு இருந்தப்ப, ரெக்கார்டுல கேட்டா இப்படித்தான் இருக்கும்போலன்னு ரெண்டு பேரும் நெனச்சுக்கிட்டோம். அப்புறம் அந்தக் கேசட்டைக் கேட்டுத்தானே நாமே மேடைக்குப் பழகினோம்!

அந்த அம்மா டேப்போட வேகத்தைக் குறைச்சு, கடிகாரத்தை அறுபது டிக்குக்கு இறக்கி ஓட விட்டாங்க. தம்பி, அது என் குரல்டா. தணிவா, நிதானமா. கூடவே பாடிப் பார்த்தேன். இந்த ஓட்டைத் தொண்டையால இன்னைக்கும் பாட முடியுது. நான் பாடவே பாடாத ஒரு சுருதியைத் துரத்தித் துரத்தித்தான் இதை நாசம் பண்ணிக்கிட்டிருக்கேன். உன் வாசிப்பு? மேடையில நீ வாசிச்ச அதே வேகம். "நான் இந்த வேகத்துல வாசிக்கவே இல்லை அக்கா"ன்னு அன்னைக்குச் சொன்னே. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்"னு நான் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். கூடம் நிஜமாவே கோணல்தாண்டா.

இதுக்கு மேல எழுதினதையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டேன். எது எழுதினாலும் போதலை. சரியான வேகத்துல இருக்கற ஆறு பாட்டையும் இந்தப் பென் டிரைவ்ல வெச்சிருக்கேன். கேளு. இப்படித்தான் வெளியிடப் போறேன்.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

ஞாயித்துக்கிழமை கடை லீவு. ஷட்டரை இறக்கிட்டு உள்ள உட்கார்ந்து கேட்டேன். முதல் பாட்டு முடியறதுக்குள்ள கை தானா மேஜையில தட்ட ஆரம்பிச்சுது. ஆறு பாட்டும் தட்டினேன். ஒரு இடத்துலகூட இடறலை.

உனக்கு ஒண்ணு தெரியாது. குழுவை விட்டு வந்தப்புறமும் பல வருஷம் அந்தக் கேசட்டைப் போட்டுக் கூடவே வாசிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன். வேற எவனாவது வாசிச்சதா இருந்தா, கெட்டிக்காரன்னு கும்பிடு போட்டுட்டுப் போயிருப்பேன். வாசிச்சிருக்கறதே நான்! எனக்கு வந்தது எனக்கு ஏன் வரலைன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். டாக்டர்கிட்டகூடப் போனேன். நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, கவலைதான் காரணம்னு மாத்திரை குடுத்தார். கடைசியில என் வீட்டுக்காரி, "நான் வேணுமா, அந்தக் கேசட் வேணுமா, முடிவு பண்ணுங்க"ன்னுட்டா. பாங்கோவை வித்துட்டேன். கேசட்டை மட்டும் விட முடியலை.

நேத்து அவளுக்குப் போட்டுக் காட்டினேன். "அப்ப உங்க கையில கோளாறே இல்லையா?"ன்னா. இல்லைன்னேன். "அடப் பாவிகளா, புதுசா நாலு பேட்டரி வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா?"ன்னு திட்டினா. திட்டிக்கிட்டே அழுதா. பொண்ணு ஓடி வந்து, "அப்பா வாசிப்பாரா?"ன்னு கேட்டா. என் பொண்ணுக்கு அது தெரியாதுக்கா. நான் சொன்னதே இல்லை.

நீ கிழிச்சுப் போட்டதுல என்ன இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். அது போதும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இதை இப்படியே வெளியிடு. யார் என்ன சொன்னாலும் வேகத்தை மாத்தாதே. என் பேரைப் போடு. முழுப் பேரையும் போடு. என் கை என்ன வாசிச்சுதுன்னு ஊர் ஒரு தடவை கேக்கட்டும்.

வாண்டு


ஜூன் 11

அன்புத் தம்பிக்கு,

இதை எழுத ஒரு வாரமா மனசு வராம தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். நீயும் இணையத்துல பார்த்திருப்பே. பார்க்காம இருந்தா, பார்க்காதே.

உன் முழுப் பேரோட, நம்ம வேகத்துல வெளியிட்டேன். முதல் நாளே ஆரம்பிச்சுட்டாங்க. "பாட்டுக்கு ஜுரமா?"ன்னு ஒருத்தர். "பழைய துள்ளல் எங்க, ஏம்மா கெடுத்தீங்க?"ன்னு இன்னொருத்தர். "பாங்கோக்காரர் வாசிக்கும்போதே தூங்கிட்டார்போல"ன்னு ஒரு புண்ணியவான் எழுதினதுக்குக் கீழ ஊரே சிரிச்சிருக்கு. கடிகாரக் கதையை விளக்கமா எழுதினேன். சாக்குச் சொல்றேன்னுட்டாங்க. அவங்க மேல தப்புன்னும் சொல்ல முடியலைடா. அந்தக் கீச்சுக் குரலைக் கேட்டுத்தான் அவங்க காதலிச்சிருக்காங்க, பிள்ளையைத் தூங்க வெச்சிருக்காங்க. நான்தான் அதுன்னு நிஜக் குரலோட போய் நின்னா, நீ யாரும்மாங்கறாங்க.

ஒரு பெரிய அரங்கத்துல கூப்பிட்டிருக்காங்க. பாட்டையெல்லாம் பழைய வேகத்துக்கு மாத்தி வெளியிட்டா, அன்னைக்கே விழா வைக்கறாங்களாம். அந்தச் சுருதியில எனக்குப் பாட வராதேன்னேன். "நீங்க எதுக்குப் பாடணும்? ரெக்கார்டை ஓட விடறோம், வாயசைச்சா போதும்"னாங்க. நான் சரின்னுட்டேன். உன்னைக் கேக்காம சரின்னுட்டேன். மேடை ஏறி எவ்வளவு காலமாச்சு தெரியுமா? எல்லார்கிட்டயும் மல்லுக்கு நிக்க எனக்குத் தெம்பில்லை.

உன் வேகத்தை விட்டுடலை. மாடிப்படிப் பாட்டை மட்டும் கடைசியில கூடுதலா சேர்க்கறேன். மேடையில என் பக்கத்துல ஒரு நாற்காலி போடச் சொல்றேன். ஒரு பாங்கோ வாங்கி வைக்கறேன், நீயும் வந்து சும்மா தட்டற மாதிரி பண்ணு. அக்காவைக் கோவிச்சுக்காதேடா.

அக்கா


ஜூன் 22

அக்காவுக்கு,

கோவம் இல்லை. கோவப்படவும் தெம்பு வேணுமே.

உன் நிலைமை புரியுது. என் தொழிலும் அப்படித்தான். சன்னல் சட்டம் கோணலா இருந்தா கண்ணாடியையும் கோணலாத்தான் அறுக்கணும். நேரா அறுத்துக் குடுத்தா பொருந்தாது, வாங்கறவங்க திட்டுவாங்க. நான் தினமும் கோணலா அறுக்கறவன்தான்.

ஆனா நாற்காலி வேண்டாம். அந்தக் கேசட்டோட ஓடி ஓடித் தோத்தவன் நான். இப்போ அது பாட்டுக்கு ஓடும்போது பக்கத்துல உட்கார்ந்து கையை ஆட்டினா, என் பொண்ணு என்னை என்னன்னு நெனைப்பா? என் பேரையும் எடுத்துடு. அந்த வேகத்துல வாசிச்சது நான் இல்லை. வேணும்னா தாளம் பேட்டரின்னு போட்டுக்கோ. கடைசியில கூடுதலாவும் சேர்க்காதே. கத்திரிக்காய் வாங்கினா கறிவேப்பிலை கொசுறுங்கற மாதிரி என்னைக் குடுக்காதே.

உன்னையும் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. அதைப் பாடினது நீயாக்கா?

பதில் எழுத வேண்டாம். தொண்டையைப் பார்த்துக்கோ.

தம்பி


ஜூலை 17

தம்பி,

பதில் எழுத வேண்டாம்னே. நீ சொன்னதை நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?

விழா முடிஞ்சுது. உட்கார இடம் இல்லாம நின்னாங்க. ரெக்கார்டை ஓட விட்டாங்க. கிடாரை மாட்டிக்கிட்டு ரெண்டு பாட்டுக்கு வாயசைச்சேன். ஒழுங்காத்தான் அசைச்சேன். மூணாவது, மாடிப்படிப் பாட்டு. முதல் வரிக்கு வாயைத் திறந்தேன். ரெண்டாவது வரியில மூடிட்டேன். திமிரெல்லாம் ஒண்ணும் இல்லை, சலிச்சுப் போச்சு. மைக்குக்கு முன்னாடி வாயை மூடிக்கிட்டு நின்னேன். கிடார்ல இருந்தும் கையை எடுத்துட்டேன். முன்வரிசையில இருக்கறவங்க என் முகத்தையேதான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. கூடப் பாடினாங்க, கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஒருத்தர்கூட, ஒரே ஒருத்தர்கூட கவனிக்கலைடா. முடிஞ்சதும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்னு கை தட்டிச்சு. ஒரு அம்மா உள்ள வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அப்படியே இருக்கும்மா உங்க குரல்"னாங்க. நன்றின்னேன். வேற என்ன சொல்ல?

நீ கேட்டியே, பாடினது நீயான்னு. இல்லை. நான் அங்க நிக்கறதுகூட அதுக்குத் தேவைப்படலை.

உன் பேரை எடுத்தாச்சு. கொசுறும் சேர்க்கலை. என் பேரையும் எடுங்கன்னேன், "அப்ப யார் பாடினதுன்னு போடறது, பேய்னா?"ன்னு இன்ஜினியர் அம்மா முறைச்சாங்க. எதையோ போட்டுக்கட்டும். ஊருக்குப் பிடிச்சதை ஊர் வெச்சுக்கட்டும். வேகத்தை மாத்தாதேன்னு நீ கேட்ட ஒண்ணே ஒண்ணை நான் செய்யலை. அது எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் செய்யலை.

இந்த ஞாயித்துக்கிழமை காலையில கிடாரோட உன் கடைக்கு வர்றேன். அன்னைக்கு லீவுன்னு எழுதியிருந்தே. ஷட்டரைத் திறக்கறதும் திறக்காததும் உன் இஷ்டம். திறக்கலைன்னா வாசல்ல உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாடிட்டு, அடுத்த பஸ்ல திரும்பிடறேன், கோவிச்சுக்க மாட்டேன். திறந்தா, பாங்கோ வேண்டாம், மேஜை போதும். உன் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வா. பதிவு பண்ண எதுவும் கொண்டு வர மாட்டேன்.

நீ ஆரம்பி. நீ எந்த வேகத்துல ஆரம்பிச்சாலும் சரி, நான் உன் பின்னாடியே வர்றேன்.

அக்கா