கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே வேப்பிலை

அன்புள்ள மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

நீ செத்து ஒரு வருடம் ஆகப் போகிறது. ஆனாலும் நீ குணமாகிவிட்டாய். நீ சேர்ந்த குடிநோய் சிகிச்சை நிலையத்தின் இணையப் பக்கம் அப்படித்தான் சொல்கிறது.

அங்கே உன் படங்கள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. விரலால் கோட்டை வலப்பக்கம் இழுத்தால் தலை கலைந்து, கண் செருகிய ஏழுமலை: 'சிகிச்சைக்கு முன்'. இடப்பக்கம் தள்ளினால் மழித்த முகமும் நீலச் சட்டையுமாக இன்னொரு ஏழுமலை: 'நாற்பத்தைந்து நாளுக்குப் பின்'. அங்கே திருந்திய எல்லோரும் அதே நீலச் சட்டையில்தான் திருந்தியிருக்கிறார்கள்.

உண்மையில் நீ சேர்ந்த வாரமே வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பவில்லை. ஈரலுக்கு இணையம் பார்க்கும் வழக்கம் இல்லை.

தீமிதிக்குக் கட்டிய காப்பு கையிலிருக்கும்போதே போய்விட்டாய். காப்பு கட்டியதிலிருந்து நீ ஒரு சொட்டுகூடத் தொடவில்லை என்பது வீட்டுக்குத் தெரியும். "அவுத்ததுக்கு அப்புறம்தான்டி பயமா இருக்குது" என்று என் தங்கை வள்ளியிடம் சொல்லிவிட்டுத்தான் அங்கே போய்ச் சேர்ந்தாய். தெளிவாக இருந்தவனை எதற்குக் கண் செருகச் சொன்னார்கள்? நீ ஏன் செருகினாய், மாப்பிள்ளை?

உன் வேண்டுதலை முடிக்க, தான் இந்த வருடம் தீ மிதிப்பதாகச் சொல்ல வள்ளி கோயிலுக்குப் போனாள். நானும் போனேன். தர்மகர்த்தா செல்போனை எடுத்து உன் படத்தைக் காட்டினார்.

"இன்னாம்மா, காப்போட குடிச்சவன் வூட்டுக்கு இன்னொரு காப்பா? அம்மன் சும்மா வுடுவாளா? அதான் தூக்கினு போயிட்டா."

"குடிச்ச மூஞ்சியா அது?" என்றாள் என் தங்கை. "குடிச்சா அவரு இளிப்பாரு. ஊருக்கே தெரியும். இதுல அந்த இளிப்பு எங்க?"

போனை வாங்கி, கோட்டை உன் மணிக்கட்டின் மேல் நிறுத்தினாள். இடப்பக்கம் பாதிக் காப்பு, வலப்பக்கம் பாதிக் காப்பு. ஒரே முடிச்சு. அதில் செருகிய வேப்பிலை இரண்டு பக்கமும் ஒரே பச்சை.

"நாப்பத்தஞ்சு நாளு வாடாத வேப்பிலை எந்த மரத்துல இருக்குது, சொல்லுங்க பெரிப்பா. நம்ம வூட்லயும் ஒண்ணு வெக்கறேன்."

தர்மகர்த்தா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பஞ்சாயத்தார் எல்லோரும் பார்க்கட்டும், நாளைக்கு வா என்றார்.

நான் நிலையத்துக்குப் போன் செய்து, இரண்டும் ஒரே நாளில் எடுத்தவை என்று எழுதித் தரச் சொன்னேன். பக்கத்தைப் பராமரிக்கும் பையன் மிகவும் மரியாதையானவன். "சாமி விஷயம்னு சொல்றீங்க சார், கைய மட்டும் கட் பண்ணிட்டேன். இனிமே பிரச்சனை வராது" என்றான். மறுநாள் பஞ்சாயத்தார் பார்த்தபோது உனக்கு மணிக்கட்டே இல்லை. கண் மட்டும் செருகியபடி இருந்தது.

முந்தைய நாளே நான் பிடித்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினேன். ஒருவர் விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இதுல கோடு நவுரலியேப்பா. இத எப்படி நம்புறது?"

வள்ளி வீட்டுக்கு வந்து மஞ்சள் கிழங்கை நூலில் முடிந்து, வேப்பிலை செருகி என்னிடம் நீட்டினாள். நான்தான் அவள் கையில் கட்டினேன். சாமி கும்பிடாத என் யோக்கியதை உனக்குத் தெரியும். அந்த இலை இன்று காலையே வாடிவிட்டது. நல்ல இலை.

வெள்ளிக்கிழமை அவள் வரிசையில் நிற்பாள். தடுத்தால் தடுக்கட்டும். அவளுக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் நிற்பேன். நாங்கள் மிதிக்கும்போது யாரையும் படமெடுக்க விடமாட்டேன், மாப்பிள்ளை.

இப்படிக்கு,
உன் வள்ளியின் அண்ணன், உன் மச்சான்